ஹொட் ரொட் கட்ட எந்தப் பெட்டியை வாங்குவது? திருகோணமலை மேசையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஹொட் ரொட் என்பது வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார். நான் பேசப்போவது அதைச் சின்ன அளவில் ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மொடல் பெட்டிகளைப் பற்றி. நான் வாங்கிய முதல் பெட்டியின் மூடியில் ஒரு கறுப்பு 1932 போர்ட் கூப்பே, அதாவது கூரையுள்ள இரண்டு கதவுக் கார். முன்பக்கம் குனிந்து, பின்சில்லு பெருத்து, முட்ட வரும் நாம்பன் மாடு மாதிரி நின்றது. மூன்று மாதச் சேமிப்பு அது. பிரித்துப் பார்த்தால் சேசி என்னும் அடிச்சட்டம், அக்சில், சைலன்சர் குழாய், எஞ்சினின் அடிப்பாகம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தட்டாக வார்த்திருந்தார்கள். முன்பக்கத்தை இரண்டு மில்லிமீற்றர் இறக்க வேண்டுமானால்கூட அந்தத் தட்டைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். எப்படியோ ஒட்டி முடித்தேன். மூடியில் இருந்த கார் வரவேயில்லை. பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை இறக்கிவிட வந்த கார் மாதிரிச் சாதுவாக நின்றது.

அதை அனுராதபுரச் சந்திப் பக்கம் டிங்கரிங் வேலை செய்யும் ஓர் அண்ணனிடம் காட்டினேன். ஆஸ்டின் கேம்பிரிஜ், மொரிஸ் மைனர் என்று ஊரிலுள்ள பழைய வண்டிகளுக்கெல்லாம் தகரம் தட்டிய கை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பெயின்ற் எல்லாம் வடிவாத்தான் இருக்கு. ஆனா கார் நிக்கிற விதம் சரியில்லையே."

ஹொட் ரொட் விஷயத்தில் நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் அந்த ஒரு வசனம்தான். நிற்கும் விதம் சரியாக வந்தால் மற்றதெல்லாம் பின்னால் வரும். நிற்கும் விதத்தை மாற்ற விடாத பெட்டியை வாங்கிவிட்டால், கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் பாதி வேலை வீண். கொழும்பிலேயே இந்தப் பெட்டிகள் அருமை. நமக்கு வெளிநாட்டுத் தபால்தான் கதி, திருப்பி அனுப்பும் பேச்சே இல்லை. ஆகவே கட்டுவதற்குச் செலவழிக்கும் யோசனையில் பாதியையாவது வாங்குவதற்கு முன்பே செலவழித்துவிடுங்கள்.

முதல் படி: காரைத் தேடுவதற்கு முன் பாணியை முடிவு செய்யுங்கள்

ஹொட் ரொட் என்பது ஒரே வகைக் கார் அல்ல. கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் பழைய போர்ட்களைக் கழற்றி இலேசாக்கி ஓட்டிய இளைஞர்களிடமிருந்து தொடங்கியது இது. அந்த ஓட்டங்களை ஒழுங்குபடுத்தத் தென் கலிபோர்னியா ரைமிங் அசோசியேஷன் 1937இல் உருவானது. 1949இல் யூட்டா மாநிலத்தின் பொனவில் உப்புத்தரையில் முதல் வேக வாரம் என்ற ஓட்ட விழா நடந்தது. வேகத்துக்கு எது தடையோ அதைக் கழற்றி எறிவதுதான் முதல் விதி. மட்கார்ட் போச்சு, பம்பர் போச்சு, சில வேளை பொனற்றும் போச்சு.

கட்டுபவர்கள் அதிகம் தேடுவது ஐந்து பாணிகள். மட்கார்ட் இல்லாமல், உடல் சேசிக்கு மேலேயே உயரமாக அமர்ந்திருந்தால் ஹைபோய். கூரையை வெட்டித் தாழ்த்தினால் சொப். போர்ட் மொடல் டீயின் சின்னத் தொட்டி உடலும் வெளியே துருத்தும் எஞ்சினும் என்றால் டீ பக்கெட். முன்பக்கம் தூக்கி நிற்கும் 1960களின் இழுவைப் பந்தயக் கார் கேசர். 1949 மெர்க்குரி போன்ற கனத்த உடலைத் தரையோடு தரையாகப் பதித்தால் அது லெட் ஸ்லெட். இந்தக் கடைசி வகையை ஹொட் ரொட் என்றே ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஹைபோய்க்கு முன்பக்கம் இறங்க வேண்டும், கேசருக்கு முன்பக்கம் ஏற வேண்டும். ஒரே பெட்டி இரண்டுக்கும் ஒத்து வருவது அருமை. உங்களுக்குப் பிடித்த உண்மைக் கார் ஒன்றின் பக்கவாட்டுப் படத்தை எடுத்து, சில்லின் உயரத்துக்கும் உடலின் உயரத்துக்கும் உள்ள விகிதத்தை அளவுகோல் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டி தேடும்போது அந்தக் காகிதம் பக்கத்தில் இருக்கட்டும்.

இரண்டாம் படி: எந்த ஆண்டுக் கார்?

இதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கொஞ்சம் நின்று பேசுவோம்.

1932 போர்ட்டைச் சுற்றி இவ்வளவு ஆரவாரம் இருப்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, சாதாரண மனிதன் வாங்கக்கூடிய விலையில் வி8 எஞ்சின் (எட்டு சிலிண்டர் V வடிவில்) வந்த முதல் கார் அது. 221 கன அங்குலம், 65 குதிரைவலு. வால்வுகள் எஞ்சின் கட்டைக்குள்ளேயே இருப்பதால் மேல்மூடி தட்டையாக இருக்கும். அதனால்தான் அதை ஃபிளாட்ஹெட் என்கிறார்கள். மற்றது, மொடல் கட்டுபவருக்கு இதைவிட முக்கியம்: அந்த ஆண்டுச் சேசியின் பக்கச் சட்டத்திலேயே ஓர் அழகான பதிவுக்கோடு ஓடும். மட்கார்ட்டைக் கழற்றினாலும் சட்டம் அம்மணமாகத் தெரியாது. உடலின் ஒரு பகுதி போலவே இருக்கும்.

1928 முதல் 1931 வரையான போர்ட் மொடல் ஏயின் உடல் இதைவிடச் சின்னது, துடுக்கானது. ஆனால் அதன் சேசி வெறும் இரும்புச் சட்டம், பார்க்க ஒன்றுமில்லை. அதனால் மொடல் ஏ உடலை 1932 சேசியில் ஏற்றுவது உண்மை உலகிலேயே ஒரு மரபாகிவிட்டது. மொடல் ஏயின் அக்சில் இடைவெளி 103.5 அங்குலம், 1932இனுடையது 106 அங்குலம். இந்த இரண்டரை அங்குல வித்தியாசத்தை மேசையில் சமாளிப்பது பெரிய காரியமில்லை.

கூரையை வெட்ட ஆசைப்படுகிறவர்கள் கண்ணாடித் தூண்களைப் பாருங்கள். மொடல் ஏயில் தூண்கள் ஏறக்குறைய நேராக நிற்கும். நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டுக் கூரையை இறக்கினால் வெட்டிய முனைகள் கிட்டத்தட்டச் சந்தித்துவிடும். 1933, 1934 போர்ட்டில் முன்கண்ணாடி பின்னோக்கிச் சாய்கிறது. 1940 போர்ட் கூப்பேயிலும் 1949 மெர்க்குரியிலும் எல்லாமே சாய்வு, எல்லாமே வளைவு. கூரையை இறக்கினால் முனைகள் பொருந்தாது. கூரையையே குறுக்கே அறுத்து நீட்ட வேண்டி வரும். முதல் முயற்சிக்கு மெர்க்குரியை வாங்குவது, நீச்சல் பழக டச் பேயை விட்டுவிட்டுத் துறைமுக வாயிலில் குதிப்பது மாதிரி.

1933, 34 போர்ட்டின் அக்சில் இடைவெளி 112 அங்குலம். நீண்ட, நளினமான கார். சொப் வேண்டாம், அப்படியே கட்டுகிறேன் என்றால் தாராளமாக வாங்கலாம். 1941 வில்லிஸ் கூப்பே கேசருக்கென்றே பிறந்தது. இழுவைப் பந்தயக்காரர்கள் இங்கிலாந்துச் சின்னப் போர்ட் ஆங்கிலியாவையும் விடவில்லை, எடை குறைவு என்பதற்காக. இலங்கையிலும் ஓடிய அந்தச் சாதுவான கார், அமெரிக்காவில் போய் இப்படி அட்டகாசம் பண்ணியிருக்கிறது என்று முதலில் அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டீ பக்கெட் உதிரி குறைவு, கூரை இல்லை, கதவு திறக்கும் தலைவலி இல்லை என்று எளிதாகத் தெரியும். உண்மையில் எஞ்சின், குழாய், ஸ்டீயரிங் தண்டு எல்லாம் வெளியே தெரிவதால் எந்தப் பிழையையும் ஒளிக்க இடமில்லை. இரண்டாவது மூன்றாவது வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பெட்டிக்கு என் சிபாரிசு 1932 கூப்பே அல்லது மொடல் ஏ.

மூன்றாம் படி: அளவு

அமெரிக்கக் கார்ப் பெட்டிகளில் பெரும்பாலானவை 1/25, அதாவது உண்மைக் காரின் இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஏ.எம்.டி., எம்.பி.சி. என்ற பெட்டித் தயாரிப்பாளர்கள் இரண்டும் அந்த வழி. ரெவெலின் ஹொட் ரொட்களிலும் நிறைய 1/25. பழைய மொனோகிராம் 1/24. ஜப்பானியத் தமியாவும் 1/24தான். ரெவெலும் மொனோகிராமும் 1986இல் ஒன்றாகிவிட்டதால், இன்று ரெவெல் பெயரில் வரும் பெட்டிக்குள் மொனோகிராமின் 1/24 வார்ப்பும் இருக்கலாம். பெட்டியின் ஓரத்திலுள்ள எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

நான்கு சதவீத வித்தியாசம்தானே என்று தோன்றும். 1932 சேசி 1/25இல் அக்சிலுக்கு அக்சில் ஏறக்குறைய 107.7 மில்லிமீற்றர், 1/24இல் 112.2. ஒன்றின் உடல் மற்றதன் சேசியில் உட்காராது. சில்லு, எஞ்சின், இருக்கை ஆகியவற்றைக் கலக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. உடலையும் சேசியையும் கலக்கக் கூடாது.

1/25ஐ நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓர் அங்குலம் என்பது 25.4 மில்லிமீற்றர். அதை 25ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர். அதாவது உண்மைக் காரில் மூன்று அங்குலம் கூரை வெட்டினார்கள் என்று படித்தால், உங்கள் மேசையில் மூன்று மில்லிமீற்றர். முன் அக்சிலை நான்கு அங்குலம் இறக்கினார்கள் என்றால் நான்கு மில்லிமீற்றர். கணிப்பொறி வேண்டாம், பள்ளிக்கூட அடிமட்டம் போதும்.

நான்காம் படி: வார்ப்பச்சின் வயதைக் கண்டுபிடியுங்கள்

பெட்டி புதிது, பளபளக்கிறது, ஆனால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கின் அச்சு உங்கள் அப்பாவைவிட மூத்ததாக இருக்கலாம். இந்தத் தொழிலில் எஃகு அச்சுகளை இலேசில் எறிவதில்லை. பத்து வருடம் கழித்து இன்னொரு மூடிப் படத்துடன் அதே உதிரிகள் மறுபடி வரும். ஏ.எம்.டி., எம்.பி.சி. பெயர்களை இப்போது வைத்திருக்கும் ரவுண்ட் 2 நிறுவனம் பழைய மூடிப் படங்களையே திரும்ப அச்சடித்து விற்கிறது. ஏமாற்று இல்லை, பழமையை விரும்புகிறவர்களுக்கென்றே செய்கிறார்கள். ஆனால் தெரிந்து வாங்க வேண்டும்.

பழைய அச்சின் அடையாளங்கள் இவை. உதிரிகளின் ஓரத்தில் மெல்லிய பிசிறு இருக்கும். எஞ்சினின் அடிப்பாகத்தில் குறுக்கே ஒரு ஓட்டை தெரிந்தால் சந்தேகமே இல்லை: அந்தக் காலத்தில் முன்சில்லு உருளுவதற்காக ஒரு இரும்புக் கம்பியை எஞ்சினின் நடுவாலேயே விட்டார்கள்! அந்த ஓட்டையை அடைத்து, அக்சிலை நீங்களே செய்ய வேண்டும். சேசியில் நுணுக்கம் குறைவாக இருக்கும்.

அப்படியானால் பழையதைத் தள்ளிவிடலாமா? அவசரப்படாதீர்கள். ஏ.எம்.டி. 1958இல் தொடங்கிய மூன்று வகைப் பெட்டி என்ற முறை இருக்கிறதே, ஒரே பெட்டியில் காரை ஆலையில் வந்தபடியும், அலங்கரித்தும், பந்தயத்துக்கும் கட்டலாம் என்று, அதனால் பழைய பெட்டிகளில் மிச்ச உதிரிகள் குவிந்து கிடக்கும். இரண்டு மூன்று கிறில், இரண்டு செட் சில்லு, மேலதிகக் கார்புரேட்டர்கள். ஹொட் ரொட் கட்டுபவனுக்கு மிச்ச உதிரி என்பது சம்பளத்துக்கு மேலே வரும் போனஸ்.

புதிய அச்சு என்றால் 1990களின் நடுப்பகுதியிலிருந்து ரெவெல் வெளியிட்ட 1932 போர்ட் வரிசையும், 2010களின் நடுப்பகுதியில் வந்த மொடல் ஏ ரோட்ஸ்டர் (திறந்த கூரைக் கார்), கூப்பே பெட்டிகளும் நல்ல தொடக்கம். உதிரிகள் கூர்மையாக இருக்கும், பொருத்தமும் நன்றாக வரும். முதல் பெட்டிக்குப் புதிய அச்சு, உதிரிச் சேமிப்புக்குப் பழைய அச்சு என்பது என் கணக்கு.

ஐந்தாம் படி: மூடியைப் பார்க்காதீர்கள், ஸ்ப்ரூவைப் பாருங்கள்

ஸ்ப்ரூ என்பது உதிரிகள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டம். பெட்டியின் பெயரையும் ஸ்ப்ரூ என்பதையும் சேர்த்து இணையத்தில் தேடினால் யாராவது ஒருவர் பிரித்துப் படம் போட்டிருப்பார். பொருத்தும் வழிமுறைத் தாளின் படம் கிடைத்தால் இன்னும் நல்லது. நான் செய்த தவறே இதைச் செய்யாததுதான்.

முதலில் கண் போக வேண்டிய இடம் சேசி. அது தனிச் சட்டமாக இருக்கிறதா? முன் அக்சில், பின் அக்சில், ஸ்பிரிங் எல்லாம் தனித்தனி உதிரிகளா? ஆம் என்றால் உயரத்தை நீங்கள் விரும்பியபடி வைக்கலாம். ஒரே தட்டு என்றால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு அடுத்த பெட்டியைப் பாருங்கள். பசையில்லாமல் அழுத்திப் பொருத்தும் வகைகளில் பலவும், எஞ்சின் இல்லாத பெட்டிகள் பலவும் இப்படித்தான்.

அடுத்து மட்கார்ட். உடலோடு சேர்ந்து வார்க்கப்பட்டிருந்தால் ஹைபோய் கனவை மறந்துவிடலாம். நான்கு மட்கார்ட்களும் மிதிபலகையும் ஒரே துண்டாக, ஆனால் உடலிலிருந்து பிரிந்து இருந்தால் மிக நல்லது. வைத்தும் கட்டலாம், தூக்கிப் போட்டும் கட்டலாம்.

பிறகு ரயர். முன்னுக்குச் சிறியது, பின்னுக்குப் பெரியது என இரண்டு அளவு இருக்கிறதா என்று பாருங்கள். நான்கும் ஒரே அளவென்றால் முன்சாய்வின் பாதி அங்கேயே போய்விட்டது. ஓடுதடம் எப்படி என்பதையும் கவனியுங்கள். 1950 பாணிக் காருக்கு அகலமான நவீன ரேடியல் ரயர் போட்டால், வேட்டிக்கு ஓட்டச் சப்பாத்துப் போட்ட மாதிரி இருக்கும்.

எஞ்சினில் ஃபிளாட்ஹெட் வேண்டுமா, 1955இல் வந்த செவர்லேயின் சின்ன வி8 வேண்டுமா என்பது நீங்கள் முதல் படியில் முடிவு செய்த காலத்தைப் பொறுத்தது. 1948ஆம் ஆண்டுத் தோற்றத்தில் காரைக் கட்டிவிட்டு உள்ளே செவர்லே வி8 வைத்தால், தெரிந்தவன் ஒருவன் வந்து கேட்கத்தான் செய்வான்.

குரோம் உதிரிகள் பெட்டிக்குப் பெட்டி வித்தியாசப்படும். தடிப்பாகப் பூசியிருந்தால் நுணுக்கமெல்லாம் மூழ்கிவிடும். கவலைப்பட வேண்டாம், சலவைக்குப் போடும் பிளீச்சில் ஊற வைத்தால் குரோம் கழன்றுவிடும். சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

ஆறாம் படி: இரண்டு பெட்டி என்றே திட்டமிடுங்கள்

உண்மை ஹொட் ரொட் எதுவும் ஒரே காரிலிருந்து பிறந்ததில்லை. உடல் ஒன்று, சேசி ஒன்று, எஞ்சின் இன்னொன்று. கையில் அகப்பட்டதை வைத்து ஓட்டுவது நமக்கும் புதிதல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கார்புரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயிலேயே ஓட்டிய ஆஸ்டின்களைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மேசையிலும் அதே கணக்கு. மொடல் ஏ உடல் உள்ள ஒரு பெட்டி, 1932 சேசி உள்ள ஒரு பெட்டி. இரண்டிலிருந்தும் ஒரு நல்ல கார் எடுத்த பின், மிஞ்சியவற்றில் இன்னொரு கார் பாதி தயாராகிவிடும். பாதி கட்டியது, உதிரி குறைந்தது என்று இணையத்தில் விலை குறைத்து விற்கும் பெட்டிகளை இதற்காகவே வாங்கலாம். விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: உடலின் கூரை, கண்ணாடி உதிரிகள், ரயர்கள். பழைய வினைல் ரயர், பக்கத்தில் பட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை மெல்ல மெல்ல உருக்கும். முன்கண்ணாடியில் ரயர்த் தடம் பதிந்திருந்தால் அதைச் சரிசெய்ய வழியில்லை. மஞ்சளான டீக்கல் தாளுக்கு (காரில் ஒட்டும் எழுத்து, படத் தாள்) பயப்பட வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சன்னல் கண்ணாடியில் சில வாரம் ஒட்டிவைத்தால் திருகோணமலை வெயில் வெளுத்துத் தந்துவிடும்.

ஏழாம் படி: பெட்டியை ஊருக்குக் கொண்டு வருவது

தபாலில் வரவழைத்தால் பெட்டியின் விலையோடு அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேரும். மூன்றையும் கூட்டிப் பார்த்த பிறகே வாங்குங்கள். இரண்டு பெட்டியை ஒன்றாக வரவழைப்பது பெரும்பாலும் மலிவு.

நம்மில் பலருக்கு இன்னொரு வழி, கனடாவிலோ லண்டனிலோ இருந்து கோடை விடுமுறைக்கு வரும் சொந்தக்காரர். ஒரு முறை என் சித்தப்பா, "பெட்டிக்குள்ள முழுக்கக் காத்துத்தானே இருக்கு" என்று மூடியை எறிந்துவிட்டு உதிரிகளைச் சேலைகளுக்கு நடுவில் சொருகிக் கொண்டு வந்தார். இடம் மிச்சந்தான். வழிமுறைத் தாளும் டீக்கலும் மூடியோடு ரொரன்ரோ குப்பைக்குப் போய்விட்டன, கண்ணாடி உதிரிகளெல்லாம் கீறல். ஆகவே முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: பெட்டியை மடிக்கலாம், தாள்களை எறியக் கூடாது, கண்ணாடியைத் துணியில் சுற்ற வேண்டும். ஸ்பிரே பெயின்ற்றும் பிளாஸ்டிக் பசையும் கேட்காதீர்கள். தீப்பற்றக்கூடியவை, விமானத்தில் விட மாட்டார்கள்.

எட்டாம் படி: ஒட்டுவதற்கு முன் ஒரு வாரம்

பெட்டி வந்த அன்றே உதிரிகளை எண்ணிப் பாருங்கள். ரயர்களைத் தனியே எடுத்து வேறு உறையில் போடுங்கள். இரும்புக் கம்பி அக்சில் இருந்தால் துளி எண்ணெய் தடவி வையுங்கள், நம் கடற்காற்று சும்மா விடாது.

அப்புறம் பசையைத் தொடாமல், மறைப்பு நாடாவாலும் புளூ டக் ஒட்டுக்களியாலும் காரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். சேசி, நான்கு சில்லு, உடல், கிறில் போதும். கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பாருங்கள். முதல் படியில் குறித்த காகிதத்தோடு ஒப்பிடுங்கள். முன்பக்கம் ஒரு மில்லிமீற்றர் இறங்கினால் என்ன ஆகிறது, பின்பக்கம் ஒன்று ஏறினால் என்ன ஆகிறது என்று மாற்றி மாற்றி வையுங்கள். கைபேசியில் படம் எடுத்து மறுநாள் காலையில் பாருங்கள். இரவில் சரியாகத் தெரிந்தது காலையில் பெரும்பாலும் சரியாக இருக்காது. எனக்கு இந்த வேலையே ஒரு வாரம் ஓடும். அவசரப்பட்டு ஒட்டியவற்றை எல்லாம் பிறகு வெட்டியிருக்கிறேன்.

பெயின்ற் அடிக்கும் காலத்தையும் இந்த வாரமே யோசித்து வையுங்கள். மார்கழி மழையில் லக்கர் பெயின்ற் அடித்தால் ஈரம் சேர்ந்து பால் படிந்த மாதிரி வெளுத்துவிடும். ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசும்போது பெயின்ற் காரில் விழுவதற்கு முன்பே காய்ந்து மணல்போல ஒட்டும், புழுதி வேறு. காற்று எழும்பாத விடியற்காலைதான் எனக்குச் சரிப்படுகிறது. வாகனங்களுக்கு அடிக்கும் ஸ்பிரே டின் ஹாட்வெயார்க் கடையில் கிடைக்கும், நிறமும் நன்றாக இருக்கும். ஆனால் அது வெறும் பிளாஸ்டிக்கில் நேரே பட்டால் மேற்பரப்பை வெடிக்கவைத்துவிடும். முதலில் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்க வேண்டும், அதையும் வேண்டாத உதிரி ஒன்றில் சோதித்துவிட்டுத்தான் உடலைத் தொட வேண்டும்.

அந்தச் சோதனைக்கு என்னிடம் பொருள் தயாராக இருக்கிறது. முதல் பெட்டியில் வந்த அந்த ஒரே துண்டுச் சேசித் தட்டு. இதுவரை பதினொரு நிறம் அதன்மேல் ஏறியிருக்கிறது.